குளிர்கால விடியல் வானத்தை வரைய எந்த வண்ணம்? வானிலையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

குளிர்காலத்தின் விடியல் வானத்தை வரைய விரும்புகிறவர்கள் முதலில் தடுமாறி நிற்பது வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா, பேஸ்டலா (நிறமித்தூள் குச்சி), குவாஷா (அடியிலுள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) என்று கேட்டால், "கைக்குப் பழக்கமானதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. பகலில் ஒரு மரத்தையோ தெருவையோ வரைவதற்கு அந்த விடை போதும். குளிர்கால விடியலுக்கு அது போதாது என்பது என் கருத்து. ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை பொதுவாகக் கதிரவன் எழும் நேரத்தை ஒட்டியே பதிவாகிறது, காற்றின் ஈரப்பதமும் அந்நேரத்தில்தான் உச்சத்தில் நிற்கிறது, வெளிச்சமோ மங்கல், வானமோ நிமிடத்துக்கு ஒரு நிறம். இந்த நான்கும் ஒருசேர வந்து அமரும் வேளையில், எந்த வண்ணம் என்பதை ஓவியரின் விருப்பத்தைவிட வானிலையே அதிகமாகத் தீர்மானிக்கிறது.

முதலில் அளவுகோல்கள்

முதல் அளவுகோல், நேரம். தலைக்கு மேல் 8 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கீற்று மேகத்தின் மீது வெயில் படவேண்டுமானால், கதிரவன் அடிவானத்திற்கு ஏறத்தாழ 3 டிகிரி கீழே வந்திருந்தால் போதும். 2 கிலோமீட்டர் உயரத்து மேகத்துக்கு அது ஒன்றரை டிகிரிக்கு வரவேண்டும். ஆகவே நிறம் மேலிருந்து கீழாக இறங்குகிறது: உயரத்துக் கீற்றுகள் முதலில் சிவந்து, இடைநிலை மேகங்கள் சிவக்கும் வேளையில் ஆரஞ்சும் பொன்னுமாக மாறி, கதிரவன் முழுவதும் வெளிவரும்போது வெளிறிப்போகின்றன. நிலநடுக்கோட்டுப் பகுதியில் கதிரவன் செங்குத்தாக எழுவதால், அது அடிவானத்திற்கு 6 டிகிரி கீழிருந்து மேலெழுந்து கண்ணுக்குத் தெரிய 20 நிமிடங்களுக்குச் சற்றே அதிகமாகிறது. 50 டிகிரி அட்சரேகையில், ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டிய நாள்களில், சாய்ந்த பாதையில் எழுவதால் அதே இடைவெளி ஏறத்தாழ 40 நிமிடங்களாக நீள்கிறது. எனினும், ஒரு குறிப்பிட்ட மேக அடுக்கில் அடர்சிவப்பு நிற்பது அதில் சில நிமிடங்கள் மட்டுமே. அந்தச் சில நிமிடங்களுக்குள் வண்ணம் கையிலிருந்து தாளுக்குப் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, குளிரும் ஈரமும் வண்ணத்தை என்ன செய்கின்றன என்பது. தெளிந்த, காற்றில்லாத இரவில் நிலம் வெப்பத்தை வேகமாக இழப்பதால், விடியற்காலையில் காற்று பனிப்புள்ளியை, அதாவது ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, தொட்டுவிடுகிறது. அழகான வானம் கிடைக்கக்கூடிய அதே இரவுதான் தாளின்மீதும் வண்ணப்பெட்டியின்மீதும் பனிநீரைப் படியவைக்கும் இரவு என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, ஒளிர்வு. இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் விடியல் ஓவியங்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். ஒளிரும் வானம் வேண்டும் என்று ஆரஞ்சில் வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போனால், நிறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறும், ஒளி வராது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-ஆம் ஆண்டு லெ ஹாவ்ர் துறைமுகத்தை வரைந்த புகழ்பெற்ற விடியல் ஓவியத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பார்த்தால், அதன் ஆரஞ்சுக் கதிரவன் சுற்றியிருக்கும் சாம்பல் மூட்டத்தோடு கலந்து ஏறத்தாழ மறைந்தே போகிறது. கதிரவனும் மூட்டமும் ஒரே டோனில், அதாவது ஒரே அளவு வெளிச்சத்தில், இருக்கின்றன. வேறுபடுவது நிறம் மட்டும். நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதைச் சுட்டிக்காட்டி, அந்தக் கதிரவன் துடிப்பதுபோல் தோன்றுவதற்கு இந்த டோன் ஒற்றுமையே காரணம் என்று விளக்கியிருக்கிறார். எனவே ஒரு வண்ணத்தை மதிப்பிடும்போது கேட்கவேண்டியது, எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதைவிட, சாம்பலையும் ஆரஞ்சையும் ஒரே டோனில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதே. இதோடு சேர்ந்தது இன்னொரு சிக்கல்: அடிவானத்து மஞ்சளும் மேலேயுள்ள நீலமும் சந்திக்கும் இடத்தில் பச்சை விளையாமல் இருக்கவேண்டும். தெளிந்த வானத்தில் அவ்விடத்தில் மெல்லிய பசுஞ்சாயல் உண்மையிலேயே உண்டு. ஆனால் அது நிழலாகத் தெரிகிற பச்சை; வண்ணம் கலக்கும் தட்டில் விளைவதோ புல்லின் பச்சை.

நான்காவது, மங்கலான வெளிச்சத்தில் நம் கண். வெளிச்சம் குறையும்போது கண் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிச்சமாகவும் காணத் தொடங்குகிறது. செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் பர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விவரித்த விளைவு இது. வானம் ஒளியுடையது, ஆகவே அதன் சிவப்பு நமக்குச் சரியாகவே தெரியும். கையிலிருக்கும் தட்டு இருட்டில் இருக்கிறது, ஆகவே அதிலுள்ள சிவப்பு மங்கித் தெரியும். ஒரு விடியலில் நான் வானத்து ரோஜா நிறத்துக்கு ஈடாகும்வரை கலந்து கலந்து பூசி, திருப்தியோடு வீடு திரும்பி, சன்னலோரம் வைத்துப் பார்த்தபோது அந்தப் படம் சாயப்பட்டறைத் துணிபோல் இருந்தது. வெளியே சரியாக இருந்தது. வீட்டில் மூன்று மடங்கு சிவந்திருந்தது. எந்த அளவுக்குக் கலவையை நம்பியிருக்கிறதோ, அந்த அளவுக்கு ஒரு வண்ணம் இந்தப் பொறியில் சிக்கும்.

ஐந்தாவது, பின்னால் வரும் செலவு: காய வைக்கும் காலம், சுமக்கும் எடை, கண்ணாடிச் சட்டம், நிறம் மங்குதல், உடல்நலம். வாங்கும்போது இவை எதுவும் கண்ணில் படுவதில்லை.

மென் பேஸ்டல்

மேற்சொன்ன முதல் நான்கு அளவுகோல்களிலும் பேஸ்டல் முன்னால் நிற்கிறது. இதில் நீர் இல்லை. உறைவதற்கோ காய்வதற்கோ எதுவும் இல்லை. எடுத்த நொடியில் நிறம் தாளில் இருக்கிறது. 1883-ஆம் ஆண்டு கிராகட்டோவா எரிமலை வெடித்தபின் உலகெங்கும் அந்தி வானம் மாதக்கணக்கில் வழக்கத்துக்கு மாறாகச் சிவந்தபோது, லண்டனின் செல்சி பகுதியில் தேம்ஸ் ஆற்றங்கரையில் நின்று வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் 500-க்கும் மேற்பட்ட வான ஓவியங்களைப் பேஸ்டலில் தீட்டினார். நிமிடங்களில் மாறும் வானத்தை வரிசையாகப் பதிவு செய்ய வேறெந்த வண்ணமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்திருக்காது. அவை 1888-இல் வெளிவந்த ராயல் சொசைட்டியின் கிராகட்டோவா அறிக்கைக்கும் பயன்பட்டன. அவர் வரைந்தது மாலை வானங்கள்தாம் என்றாலும், விடியலின் சிக்கலும் அதுவே.

பேஸ்டலின் இன்னொரு நன்மை, பர்கின்யே பொறியிலிருந்து அது தரும் விடுதலை. குச்சிகளை முந்தின நாள் பகல் வெளிச்சத்திலேயே டோன் வாரியாக அடுக்கி வைத்துவிடலாம்: ஒரு வரிசையில் நடுத்தர டோனில் சாம்பல், ஊதா, ரோஜா, ஆரஞ்சு, அடுத்த வரிசையில் அதைவிட ஒரு படி வெளிறியவை. விடியலில் கண் ஏமாற்றினாலும், எந்த வரிசையில் கை போகிறது என்பது தெரிந்திருப்பதால் சாம்பலுக்குப் பக்கத்தில் அதே டோன் ஆரஞ்சை வைப்பது தடுமாற்றமின்றி நடக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் இதற்குக் கணிசமாக உண்டு. பேஸ்டலில் நிறங்களைத் தட்டில் கலந்து உண்டாக்க முடியாது. தாளில் அடுக்கியும் தேய்த்தும் கொஞ்சம் சமாளிக்கலாம். எனவே விடியலுக்கு வேண்டிய வெளிறிய சாம்பல் ஊதாக்களும் பீச் நிறங்களும் தனித்தனிக் குச்சிகளாக இருந்தாகவேண்டும். ஆரம்பநிலைப் பெட்டிகளில் பளிச்சென்ற நிறங்கள் நிறைய இருக்கும். வானத்துக்குத் தேவையான சாம்பல்கள் இருக்காது. முடித்த படத்துக்குக் கண்ணாடியும், கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளியும் வேண்டும். தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸடிவ் திரவத்தைத் தெளித்தால் வெளிறிய நிறங்கள் கறுக்கின்றன. விடியல் ஓவியத்தின் உயிரே அந்த வெளிறிய நிறங்களில் இருப்பதால், நான் கடைசி அடுக்குக்குத் தெளிப்பதில்லை. பனிநீர் படிந்த தாளில் பேஸ்டல் பிடிக்காது, சேறாகும். ஆகவே தாளை வெளியே எடுப்பது கடைசி வேலையாக இருக்கவேண்டும். தூளை வாயால் ஊதக் கூடாது. சில நிறமிகள், குறிப்பாகக் காட்மியம் கலந்தவை, மூச்சில் போகக் கூடாதவை.

நீர்வண்ணம்

எடை குறைவு, குறைந்த செலவில் தொடங்கலாம், ஒளியைத் தாளின் வெள்ளையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவும் இருந்தும், குளிர்கால விடியலில் வெளியே நின்று வரைவதற்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணம் காய்தல். ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும் அந்நேரத்தில் முதல் வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) காய்வதற்குள் வானம் வெளுத்துவிடும். காயும் முன்னே இரண்டாவது அடுக்கை வைத்தால், நீர் பின்னோக்கிப் பாய்ந்து காலிஃபிளவர் வடிவத்தில் கறை விழும்.

நீர் உறையும் குளிரில் வேறொன்று நடக்கிறது. தாளைச் சாய்த்துப் பிடித்து வாஷை இறக்கி, அடுத்த நிறத்தைத் தட்டில் தேடிவிட்டு நிமிர்ந்தால், ஈரத்தின் விளிம்பிலிருந்து ஊசி ஊசியாகப் பனிப்படிகங்கள் கிளம்பி, நிறமியை இரு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு, பெரணி இலையின் நரம்புகளைப்போல் கிளைவிட்டு வளர்ந்துகொண்டிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்தால் அது உருகி, பெரும்பாலும் கோலம் கலைந்து, சேறாக ஓடிவிடும். நீரில் சிறிது எத்தனால் கலந்தால் உறைநிலை தாழும் என்பது பழைய உத்தி, வேலையும் செய்கிறது. ஆனால் எத்தனால் கலந்த நீர் தாளில் பரவும் விதமே வேறு, பழகாத கைக்கு வாஷ் அடங்காது.

மஞ்சளும் நீலமும் சந்தித்துப் பச்சையாகும் சிக்கல் நீர்வண்ணத்தில்தான் மிகக் கடுமையானது, ஏனெனில் இரண்டும் ஊடுருவித் தெரிகின்றன. எலுமிச்சை மஞ்சளை விட்டுவிட்டு ரா சியென்னா போன்ற மண் மஞ்சளைக் கொள்வதும், இரண்டுக்கும் இடையில் மெல்லிய ரோஜாச் சாயலை ஓடவிடுவதும் பெரும்பாலும் போதும். ரோஜாவுக்குக் குவினாக்ரிடோன் வகை (குழாயில் பி.வி.19 என்ற குறியீடு இருக்கும்) நீடித்து நிற்கிறது. அலிசரின் கிரிம்சனின் அசல் நிறமியும், ஒளிரும் சாயம் சேர்த்த பளபளப்பான இளஞ்சிவப்புகளும் விடியலுக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றி வாங்கவைக்கும். வெளிச்சத்தில் மாட்டிவைத்த படத்தில் அவை மங்கிப்போவது, பல ஆண்டுகள் கழித்துத் தெரியவரும் செலவு. அதோடு, நீர்வண்ணம் காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிறும். ஈரத்தில் சரியாகத் தெரியும் விடியல், காய்ந்ததும் சோகையாகிவிடும்.

இவ்வளவு குறை சொன்னபின்னும் ஒரு வானத்துக்கு நீர்வண்ணத்தை விஞ்ச எதுவுமில்லை. அது மூடுபனி வானம். அதைப் பின்னால் சொல்கிறேன். சன்னலுக்கு உள்ளே, அறை வெப்பத்தில் வரைவதானால் மேற்சொன்ன குறைகளில் பாதி தானாகவே விலகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஆங்கில ஓவியர் டர்னர் 1842-இல் முடித்த, சுவிட்சர்லாந்தின் ரிகி மலை விடியல் நீர்வண்ண ஓவியங்கள், முந்தின ஆண்டு லூசெர்ன் ஏரிக்கரையில் எடுத்த சிறு வரைவுகளிலிருந்து பின்னர் உருவாக்கப்பட்டவையே.

எண்ணெய் வண்ணம்

தெளிந்த வானத்தின் மெல்லிய நிறமாற்றத்தை, அடிவானத்துச் செம்மையிலிருந்து உச்சி நீலம்வரை, ஒரு தையல்கூடத் தெரியாமல் இணைக்கக் கூடியது எண்ணெய் வண்ணமே. அது மணிக்கணக்கில் ஈரமாக இருப்பதால் விளிம்புகளை எப்போது வேண்டுமானாலும் கரைக்கலாம். பூசிய நிறம் காய்ந்தபின் பெரிதாக மாறுவதில்லை என்பதால், சாம்பலையும் ஆரஞ்சையும் ஒரே டோனுக்குக் கொண்டுவரும் நுணுக்கமான வேலைக்கும் இது ஏற்றது. நீர் உறையும் குளிரில் இது உறைவதில்லை, கெட்டிப்படுகிறது. குழாயை உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, சிறிது எண்ணெய் சேர்த்தால் வேலை நடக்கும்.

ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனின் ஹாம்ஸ்டெட் குன்றில் தாளின்மீது எண்ணெயில் வரைந்த மேக ஓவியங்களில் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதிவைத்தார். மேகங்களுக்கு இன்றும் வழங்கும் சிரஸ், குமுலஸ், ஸ்ட்ராட்டஸ் பெயர்களை ஆங்கிலேய வானிலை ஆர்வலர் லூக் ஹோவர்ட் 1802-இல் முன்மொழிந்து இருபது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. எந்த வண்ணத்தைத் தேர்ந்தாலும், பின்புறத்தில் எழுதும் அந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ளலாம்.

செலவுப் பக்கம் வருவோம். எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி இறுகுகிறது. குளிரில் அது இன்னும் மெதுவாகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர நாள்கள், தடித்த பூச்சானால் வாரங்கள் ஆகும். வார்னிஷ் பூச வழக்கமாக ஆறு மாதமாவது பொறுப்பார்கள். வாரம் மூன்று விடியல்களை வரைகிறவருக்கு ஈரப்பலகைகளைச் சுமக்கும் பெட்டியும், வீட்டில் அவற்றை அடுக்க இடமும் தேவைப்படும். இன்னொன்று, பலர் அறியாதது: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்துவைத்தால், இறுகும்போது வெளிப்படும் வெப்பமே அவற்றைத் தானாகப் பற்றவைக்கக் கூடும். அவற்றை விரித்துக் காயவிடவேண்டும், அல்லது நீரில் அமிழ்த்தி மூடிய உலோக டப்பாவில் போடவேண்டும்.

வேகமும் குறைவு. மோனேயின் ஓவியத்தில் உள்ள கதிரவனின் உயரம், அலையேற்றம், புகை சாயும் திசை, அந்நாளைய வானிலைப் பதிவுகள் ஆகியவற்றை ஒப்பிட்டு, வானியற்பியலாளர் டொனால்ட் ஓல்சன் அது 1872 நவம்பர் 13 காலை ஏறத்தாழ 7.35 மணிக் காட்சியாக இருக்கலாம் என்று கணித்தார். மோனே பார்த்தது துறைமுகத்தை நோக்கிய விடுதி அறையின் சன்னலிலிருந்து. குளிரில் நின்று வரைவதே உண்மையான கலை என்று நம்புகிறவர்கள் இந்தத் தகவலை ஒருமுறை நினைத்துப்பார்க்கலாம்.

அக்ரிலிக்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: குளிர்கால விடியலில் வெளியே இதைத் தவிர்க்கவேண்டும். அக்ரிலிக் வண்ணத்தில் பிசின் துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியானபின் அவை ஒன்றோடொன்று இணைந்து படலமாகவேண்டும். ஏறத்தாழ 9 அல்லது 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்த இணைப்பு சரியாக நடப்பதில்லை. படம் காய்ந்துவிட்டதுபோலவே தெரியும்; உள்ளே படலம் பலவீனமாக, பின்னால் வெடிக்கவோ பொடியாக உதிரவோ தயாராக இருக்கும். இந்தச் சேதம் அன்று தெரியாது என்பதுதான் மோசம். குழாயில் உறைந்து உருகினாலும் வண்ணம் கெடக்கூடும்.

அறைக்குள் இதற்கு இடமுண்டு. விரைவாகக் காய்வதால், கீழே ஆரஞ்சுப் பூச்சைப் போட்டு, அது காய்ந்தபின் மேலே மெல்லிய சாம்பல் அடுக்குகளை ஏற்றலாம், பச்சை விளையாது. வானத்தின் மெல்லிய இணைவுக்கு மட்டும், காய்தலைத் தாமதப்படுத்தும் திரவம் சேர்க்கவேண்டியிருக்கும். காயும்போது நிறம் சற்றுக் கறுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

குவாஷ்

நீர்வண்ணத்தின் எடை, எண்ணெயின் மறைப்புத் திறன் இரண்டும் சேர்ந்தது. இருண்ட சாம்பல் மேகத்தின் அடிவயிற்றில் ஒரு ஒளிக்கீற்றை மேலாக வைக்க முடிவது இதன் பெரிய வசதி; நீர்வண்ணத்தில் அந்த இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைத்திருக்கவேண்டும். உறைநிலைக்கு மேலே, காற்று ஓரளவு உலர்ந்திருக்கும் நாளில், கையளவு தாளில் வரைவதற்கு இதையே நான் பேஸ்டலுக்கு அடுத்து வைப்பேன். ஆனால் காயும்போது வெளிறிய கலவைகள் கறுக்கவும், இருண்ட கலவைகள் வெளுக்கவும் செய்கின்றன. ஒரே டோனில் வைத்த சாம்பலும் ஆரஞ்சும் காய்ந்தபின் வெவ்வேறு டோனில் நிற்கும். முன்கூட்டியே கலந்து, காயவைத்து, பக்கத்தில் விடையெழுதிய மாதிரி அட்டை ஒன்று கையில் இல்லாமல் விடியலுக்குக் குவாஷைக் கொண்டுபோவது வீண்வேலை.

திரையில் வரைதல்

உறையாது, காயவும் வேண்டாம். ஆனால் குளிரில் லித்தியம் மின்கலம் விரைவாகத் தளர்கிறது. ஒளிரும் திரை இருட்டில் கண்ணைக் கூசவைத்து வானத்தின் நுண்ணிய டோன்களை மறைத்துவிடுகிறது. திரையில் மின்னும் ஆரஞ்சு, அச்சில் அதே செறிவோடு வருவதில்லை. பயிற்சிக்கும் குறிப்புக்கும் நல்லது. நினைவூட்டலுக்காகக் கைப்பேசியில் படம் எடுப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: அதன் தானியங்கி வெண்சமநிலை, செம்மையைப் பிழை என்று கருதித் திருத்திவிடும். அதை நிலையாகப் பூட்டிவிட்டு எடுக்கவேண்டும்.

ஒரே பார்வையில்

| வண்ணம் | 0 டிகிரிக்குக் கீழே | வேகம் | காய்ந்தபின் நிறம் | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|
| மென் பேஸ்டல் | பாதிப்பில்லை. பனிநீர் ஆகாது | மிக அதிகம் | மாற்றமில்லை. ஃபிக்ஸடிவ் கறுக்கவைக்கும் | கண்ணாடிச் சட்டம், ஏராளமான குச்சிகள், தூள் |
| நீர்வண்ணம் | உறையும் | முதல் வாஷ் வேகம், பிறகு காத்திருப்பு | வெளிறும் | சில சிவப்புகள் மங்குதல், கண்ணாடிச் சட்டம் |
| எண்ணெய் வண்ணம் | கெட்டிப்படும், வேலை நடக்கும் | மிதம் | பெரிய மாற்றமில்லை | காயும் காலம், இடம், எண்ணெய்த் துணி |
| அக்ரிலிக் | படலம் கெடும் | அதிகம் | கறுக்கும் | தாமதமாகத் தெரியும் வெடிப்பு |
| குவாஷ் | உறையும் | அதிகம் | இருபுறமும் மாறும் | மாதிரி அட்டை, கண்ணாடிச் சட்டம் |

எந்த வானத்துக்கு எது

அட்டவணை பாதி விடைதான். மீதி, மறுநாள் எந்த வானம் வரப்போகிறது என்பதில் இருக்கிறது. குளிர்கால விடியல்களை நான் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதலாவது, எரியும் மேக வானம். உயரத்திலும் இடைநிலையிலும் மேகம் இருந்து, கிழக்கே அடிவானம் திறந்திருக்கவேண்டும். எவ்வளவு திறந்திருக்கவேண்டும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தலைக்கு மேல் 8 கிலோமீட்டர் உயரத்து மேகத்தைத் தொடும் முதல் கதிர், ஏறத்தாழ 320 கிலோமீட்டர் கிழக்கே தரையை உரசிக்கொண்டு வந்திருக்கும். அவ்வளவு தொலைவில் ஒரு தாழ்ந்த மேகத்திரள் குறுக்கே நின்றால், நம் தலைக்கு மேலே எவ்வளவு அழகான கீற்றுகள் இருந்தாலும் அவை சாம்பலாகவே விடியும். வீட்டு வாசலில் நின்று பார்த்து இதை அறிய முடியாது. செயற்கைக்கோள் மேகப் படத்தில் கிழக்கே நோக்கவேண்டும். மேற்கிலிருந்து காற்று வீசும் மிதவெப்ப மண்டலத்தில், வெப்ப வளிமுகம் (வெப்பக்காற்றுத் திரளின் முன்விளிம்பு) ஒன்று நெருங்கும்போது அதற்கு முன்னோடியாகக் கீற்று மேகங்கள் வந்து பரவ, கிழக்கு இன்னும் தெளிந்திருப்பது இந்த வானத்துக்கு உகந்த அமைப்பு. செவ்வானத்தோடு விடிந்த நாள் மழையிலோ பனிப்பொழிவிலோ முடிவது அங்கே அடிக்கடி நடப்பதற்கும் அதுவே காரணம். இந்த வானத்துக்குப் பேஸ்டல். உறைநிலைக்கு மேலென்றால் குவாஷும் ஆகும். இருண்டதன்மேல் ஒளியை வைக்கும் வசதியும் வேகமும் இங்கே மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுகின்றன. மேகத்தின் கீழ்ப்புறம்தான் ஒளிபெறுகிறது, மேற்புறம் குளிர்ந்த சாம்பலாகவே நிற்கிறது என்பதை மட்டும் கை மறக்கக் கூடாது; பகல் மேகத்தை வரைந்து பழகிய கை தலைகீழாக வரைந்துவிடும்.

இரண்டாவது, தெளிந்த வானம். குளிர் வளிமுகம் கடந்துபோனபின் தூசும் புகையும் கழுவப்பட்ட காற்று வந்து சேர்கிறது. 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. அடிவானத்திலிருந்து வரும் கதிர், உச்சியிலிருந்து வருவதைப்போல் முப்பது மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடக்கிறது. நீலம் வழியிலேயே உதிர்ந்து சிவப்பு மிஞ்சுவது இப்படித்தான். தூசி அதிகமானால் செம்மை கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தரையையொட்டிய புகைமூட்டம் உண்மையில் நிறத்தைக் கலங்கவைத்துப் பழுப்பாக்குகிறது. (எரிமலைத் துகள்கள் வேறு கதை, அவை அடுக்குமண்டலத்தில், பல கிலோமீட்டர் உயரத்தில் மிதப்பவை.) இத்தகைய நாளில் கிழக்கைவிட மேற்கைப் பார்ப்பது மேல் என்று சொல்வேன்: கதிரவன் எழுமுன், மேற்கு அடிவானத்தில் பூமியின் நிழல் நீலச்சாம்பல் பட்டையாகவும், அதன்மேல் மங்கிய ரோஜாப் பட்டையாகவும் இறங்குவதைக் காணலாம். கோடில்லாத இந்த இணைவுக்கு எண்ணெய் வண்ணம். மேகம் இல்லாததால் அவசரமும் குறைவு.

மூன்றாவது, மூடுபனி வானம். தெளிந்த, காற்றற்ற இரவில் தரையையொட்டிக் குளிர்காற்றும் மேலே வெப்பக்காற்றும் தலைகீழாக அமைந்துவிட்டால், ஈரமும் புகையும் அந்த மூடியின் கீழே சிறைப்படுகின்றன. பனித்துளிகள் எல்லா அலைநீளங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிப்பதால் நிறங்கள் சாம்பலில் கரைகின்றன. டோன்களின் வீச்சு குறுகுகிறது. கதிரவன் கூசாமல் பார்க்கக்கூடிய வட்டாகத் தொங்குவதுபோலத் தோன்றும், ஆனாலும் அதை நேராக உற்றுநோக்கக் கூடாது. இந்த வானம் மெதுவாக மாறுகிறது, காயாத தாளுக்கு அவகாசம் தருகிறது. ஈரத்தில் ஈரமாகப் பூசும் நீர்வண்ணம் தன் குறையையே இங்கே குணமாக்கிக்கொள்கிறது. முழுத்தாளையும் ஒரே வெளிறிய சாம்பலால் நனைத்து, ஈரம் இருக்கும்போதே ஆரஞ்சை ஒரு தொடுதலாக விட்டு, பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடிகிறவருக்கு இந்த வானம் வசப்படும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனால் சன்னலுக்கு உள்ளே போய்விடவேண்டும்.

இரண்டு வண்ணங்களை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும் என்பவருக்கு என் பரிந்துரை, வெளியே பேஸ்டல், உள்ளே எண்ணெய். ஒன்றே ஒன்றுதான் என்றால் பேஸ்டல், அதுவும் இருபது குச்சிகளுக்குள்: அவற்றில் பாதிக்கு மேல் சாம்பல்களாக இருக்கவேண்டும்.

முந்தின இரவு பார்க்கவேண்டியவை நான்கு: மேகத்தின் உயரம், கிழக்கு அடிவானத்தின் நிலை, காற்றின் வேகம், வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளி. கடைசி இரண்டும் தாழ்ந்து, இடைவெளி 2 டிகிரிக்குள் சுருங்கினால் மூடுபனிக்கு வாய்ப்பு அதிகம். பேஸ்டல் பெட்டியை மூடிவிட்டு, நீர்வண்ணத் தாளைப் பலகையில் ஒட்டி வைத்துவிட்டுப் படுக்கலாம். தலைவிளக்கு எடுத்துப்போகிறவர்கள் நடுநிலை வெள்ளை ஒளியையே கொள்ளவேண்டும். மஞ்சள் விளக்கின்கீழ் வெளிறிய மஞ்சள் குச்சிக்கும் வெள்ளைக் குச்சிக்கும் வேறுபாடு தெரியாது; இரண்டையும் மாற்றி எடுத்து அடிவானத்தைத் தீட்டியபின் விடிந்து பார்த்தால், கதிரவன் எழவேண்டிய இடத்தில் ஒரு சுண்ணாம்புத் திட்டு இருக்கும்.